மாநிலம் தாண்டி ஒரு குழந்தையை அனுப்பணும்னா: ஹோம் ஸ்டடி, பேக்ரவுண்ட் செக் பத்தி கொஞ்சம் நிதானமா

போன மாசம் இங்க அமெரிக்கால ஒரு பாட்லக்ல (ஆளுக்கு ஒரு சமையல் கொண்டு வந்து சேந்து சாப்பிடுறது) தட்டை கையில வச்சுட்டு பேசிட்டிருந்தோம், பேச்சு எங்கெங்கேயோ சுத்தி ஃபாஸ்டர் கேர்ல வந்து நின்னுச்சு. ஒருத்தர் சொல்றாரு, "பாட்டி அடுத்த ஸ்டேட்ல இருக்காங்கன்னா நேரா போயி பேரனைக் கூட்டிட்டு வந்துட வேண்டியதுதானே, யாரு தடுக்கப் போறா"ன்னு. இன்னொருத்தங்க, "ஐயோ அதெல்லாம் முடியாது, ஹோம் ஸ்டடின்னு ஒண்ணு இருக்கு, வீடு பெருசா இருக்கணும், ஃப்ரிட்ஜைத் திறந்துகூட பாப்பாங்க"ன்னாங்க. மூணாவது ஆளு ஐடி காரரு, அவரு ரொம்ப அசால்ட்டா "பேக்ரவுண்ட் செக்னா ரெண்டு நிமிஷ வேலைங்க, எஸ்எஸ்என் போட்டா எல்லாம் வந்து கொட்டிடும்"னாரு (எஸ்எஸ்என்னா இங்க ஆளுக்கு ஒண்ணு குடுக்குற அரசாங்க நம்பர்). மூணும் பாதி தப்பு, கடைசியா சொன்னது முக்கால்வாசி தப்பு.

நான் வக்கீல் கிடையாது. எங்க பக்கத்து வீட்டு அமெரிக்கக் குடும்பம் வேற ஸ்டேட்ல இருந்து அக்கா பையனைக் கூட்டிட்டு வந்து வளக்க முயற்சி பண்ணப்போ அவங்களுக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் எழுதிக் குடுத்தவன், அவ்வளவுதான். ஆனா அந்த லெட்டர்ல என்ன எழுதணும்னு தெரியாம தேட ஆரம்பிச்சு, கடைசில சட்டத்தோட மூலத்தையே உக்காந்து படிச்சுட்டேன். படிச்சதை பாட்லக்ல சொல்லி முடியாது, அதனால இங்க.

முதல்ல ஒரு வார்த்தையை நேர் பண்ணிக்குவோம். ஃபாஸ்டர் கேர்னா, பெத்தவங்ககிட்ட குழந்தை பாதுகாப்பா இல்லன்னு கோர்ட் மூலமா பிரிச்சு, அரசாங்கப் பொறுப்புல வேற ஒரு வீட்ல தற்காலிகமா வளக்குறது. அந்த வேற வீடு முன்னப்பின்ன தெரியாதவங்க வீடா இருக்கலாம், பாட்டி வீடாவும் இருக்கலாம்.

வண்டிக்கு என்ஓசி வாங்குறதை நெனச்சுக்கோங்க

சென்னைல வாங்கின பைக்கை வேலை மாறி பெங்களூருக்கு ஓட்டிட்டுப் போறீங்க. ரோடு ஒண்ணுதான், நாடு ஒண்ணுதான், வண்டியும் அதே வண்டிதான். ஆனா அங்கேயே நிரந்தரமா ஓட்டணும்னா பழைய ஆர்டிஓ கிட்ட என்ஓசி வாங்கி, புது ஆர்டிஓ கிட்ட போயி, டாக்ஸ் கட்டி, நம்பர் மாத்தி, அப்பப்பா. ஓசூர் தாண்டினா தமிழ்நாட்டு ஆர்டிஓவோட அதிகாரம் முடிஞ்சுது, அதான் விஷயம்.

அமெரிக்கால குழந்தைப் பாதுகாப்பு ஒவ்வொரு மாநிலத்தோட சொந்த வேலை. வாஷிங்டன்ல இருந்து காசும் நிபந்தனையும் வரும், ஆனா வீட்டு வாசல்ல வந்து கதவைத் தட்டுறது மாநிலத்து ஆளு, தீர்ப்பு சொல்றது மாநிலத்து கோர்ட். இப்போ ஒஹையோல ஒரு ஜட்ஜ் இருக்காரு, அவரு பொறுப்புல ஒரு அஞ்சு வயசுப் பையன். பாட்டி ஜார்ஜியால இருக்காங்க. பாட்டி நல்லவங்களா, வீட்ல யாரு யாரு இருக்கா, பையனைப் பாத்துக்க தெம்பு இருக்கான்னு ஜட்ஜுக்கு தெரியணும். தன் ஊரு கேஸ் ஒர்க்கரை, அதாவது குழந்தையோட கேஸைப் பாத்துக்கிற அரசாங்க ஊழியரை, ஜார்ஜியாவுக்கு அனுப்பி விசாரிக்க முடியாது. ஜார்ஜியா ஊழியருக்கு உத்தரவு போடவும் அவருக்கு அதிகாரம் இல்ல. அதுமட்டுமில்ல, அனுப்பின பிறகு அங்க பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு போயி பாப்பா?

இதுக்குத்தான் ஐசிபிசின்னு ஒரு ஏற்பாடு, குழந்தைங்களை மாநிலம் விட்டு மாநிலம் சேர்க்கிறதுக்கான மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். 1950கள் கடைசில எழுத ஆரம்பிச்சு, 1960ல நியூயார்க் முதல்ல சட்டமாக்குச்சு, இன்னைக்கு 50 மாநிலமும், தலைநகர் வாஷிங்டன் டிசியும், யுஎஸ் வர்ஜின் தீவுகளும் அதுல இருக்கு. ஒவ்வொரு மாநிலமும் ஒரே வாசகத்தை தன் தன் சட்டமா நிறைவேத்திக்குச்சு, அதனால இது சட்டமாவும் இருக்கு, ஒருத்தருக்கு ஒருத்தர் குடுத்த வாக்காவும் இருக்கு. கொலராடோ ஆத்துத் தண்ணியை பங்கு போட 1922ல போட்டதும் இதே வகை ஒப்பந்தம்தான். காவிரியைப் பாத்து வளந்த நமக்கு, ரெண்டு ஸ்டேட் ஒரு விஷயத்துல ஒத்துக்கிறதே எவ்வளவு பெரிய காரியம்னு யாரும் வந்து சொல்லித் தரத் தேவையில்ல. இங்க 50ம் ஒத்துக்கிட்டிருக்கு, அதுக்கே ஒரு சபாஷ் போடலாம், மத்ததைத் திட்ட கீழ இடம் இருக்கு.

இதுவரைக்கும் சுருக்கமா: அனுப்புற மாநிலத்துக்கு எல்லை தாண்டி கண்ணு கிடையாது. அதனால வாங்கிக்கிற மாநிலத்தோட கண்ணைக் கடன் வாங்குது. ஹோம் ஸ்டடிங்கிறது அந்தக் கடன் வாங்கின கண்ணு பாத்து எழுதிக் குடுக்குற ரிப்போர்ட்.

எல்லாருக்கும் இது வேணுமா

இல்லைங்க, இங்கதான் நிறையப் பேரு குழம்புறாங்க. டல்லாஸ்ல இருக்குற நீங்க உங்க பொண்ணை ஒரு வருஷம் நியூஜெர்சில இருக்குற உங்க அண்ணன் வீட்ல விட்டு படிக்க வைக்கிறீங்க, கோர்ட் கேஸ் எதுவும் இல்ல. ஐசிபிசிக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல. ஒப்பந்தத்தோட 8வது பிரிவு அதைத் தெளிவா விலக்கி வைக்குது: பெத்தவங்களோ தாத்தா பாட்டியோ அண்ணன் அக்காவோ மாமா அத்தையோ கார்டியனோ தானே கொண்டுபோயி இதே மாதிரி சொந்தக்காரங்க கிட்ட விட்டா ஒப்பந்தம் பொருந்தாது. பாட்லக்ல முதல்ல பேசினவரு மனசுல வச்சிருந்தது இந்தக் கதைதான்.

ஆனா குழந்தை ஏற்கனவே கோர்ட் பொறுப்புல இருந்தா அனுப்புறவங்க அரசாங்கம், அம்மாவோ அப்பாவோ இல்ல. அப்போ பாட்டி எவ்வளவு நெருக்கமா இருந்தாலும் ஒப்பந்தம் உள்ள வந்துடும். பாசத்துல பாட்டி கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா அது சட்டத்துக்குப் புறம்பான பிளேஸ்மென்ட் ஆகிடும் (பிளேஸ்மென்ட்னா குழந்தையை ஒரு வீட்ல தங்கி வளர விடுறது, அவ்வளவுதான்), அப்புறம் சீக்கிரமா முடிவு கிடைக்கிற பாதை ஒண்ணு இருக்கு, கீழ சொல்றேன், அதுக்கான வாய்ப்பையும் சேத்து இழக்க வேண்டியிருக்கும். லீவுக்குப் போயிட்டு வர்றது வேற. 30 நாளுக்குள்ள திரும்பி வர்ற மாதிரி இருந்தா பொதுவா விசிட்னு எடுத்துக்குவாங்க, அதைத் தாண்டினா பிளேஸ்மென்ட்னு கணக்கு.

ஏஜென்சி மூலமாவோ வக்கீல் மூலமாவோ தத்தெடுக்குறதுக்கும் ஒப்பந்தம் உண்டு. நியூஜெர்சி தம்பதி ஃப்ளோரிடால பிறந்த குழந்தையைத் தத்தெடுக்கப் போனா, ரெண்டு மாநிலமும் ஓகே சொல்ற வரைக்கும் குழந்தையோட ஃப்ளோரிடாவை விட்டு வெளிய வரக்கூடாது. அதான் புதுசா பிறந்த குழந்தையை வச்சுட்டு ஒண்ணு ரெண்டு வாரம் ஓட்டல்ல தங்கியிருக்குறவங்க கதையைக் கேள்விப்படுறோம்.

இப்போ ஒரு சிக்கலான இடம். குழந்தையை அம்மாகிட்ட இருந்து பிரிச்சாங்க, அப்பா வேற மாநிலத்துல இருக்காரு, அவரு மேல எந்தத் தப்பும் இல்ல. அவருக்கும் ஹோம் ஸ்டடி வேணுமா? ஒப்பந்தத்தோட வாசகம் ஃபாஸ்டர் கேர், தத்துன்னுதான் பேசுது, பெத்த அப்பன் வீட்டை ஃபாஸ்டர் கேர்னு எப்படி சொல்றது? 1991ல ஃபிலடெல்ஃபியால இருக்குற ஃபெடரல் அப்பீல் கோர்ட் மெக்கோம்ப் கேஸ்ல பெத்தவங்களுக்கு இது பொருந்தாதுன்னு சொல்லுச்சு. ஒப்பந்தத்தை நிர்வாகம் பண்ற அதிகாரிங்க போட்ட விதியோ, சில விலக்கு தவிர பொருந்தும்னு சொல்லுது. மாநில கோர்ட்டுங்க ரெண்டு பக்கமும் தீர்ப்பு குடுத்திருக்கு. ஆக, எந்த மாநிலங்கிறதைப் பொறுத்து ஒரே மாதிரி அப்பாவுக்கு வேற வேற பதில். என்னைக் கேட்டா, தப்பே பண்ணாத அப்பனை பிள்ளையைப் பாக்க பரீட்சை எழுத வைக்கிறது சரியா படல, ஆனா அது என் கருத்து, உங்க ஸ்டேட்ல என்னன்னு வக்கீல்கிட்டதான் கேக்கணும்.

ஃபைல் போற பாதை, அப்புறம் லாக்கர் சாவி

ஒஹையோ கவுண்டி கேஸ் ஒர்க்கர் ஒரு கட்டு தயார் பண்ணுவாங்க: 100ஏ-ங்கிற வேண்டுகோள் ஃபாரம், கோர்ட் ஆர்டர், பையனோட கதை, மருத்துவ விவரம், ஸ்கூல் விவரம், செலவை யாரு பாத்துப்பாங்கன்னு ஒரு திட்டம். அது நேரா ஜார்ஜியா பாட்டி ஊருக்குப் போகாது. முதல்ல ஒஹையோ தலைமை ஐசிபிசி ஆபீஸ், அங்க சரிபாத்து ஜார்ஜியா தலைமை ஆபீஸ், அங்க இருந்து பாட்டி இருக்குற ஊரு ஆபீஸ், அங்க ஒரு ஊழியர் கைக்கு. அவங்க வீட்டுக்குப் போயி பாத்து எழுதி முடிச்சதும் அதே படிக்கட்டுல திரும்பி ஒவ்வொரு படியா மேல ஏறி எறங்கி வரணும். ஒரு பேப்பர் குறைஞ்சா எந்தப் படில இருந்தாலும் திரும்பிடும். நம்ம தாலுகா ஆபீஸ் அனுபவம் உள்ளவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முடிவு எடுக்குறது எப்படின்னா, பேங்க் லாக்கர் மாதிரி. உங்க சாவி ஒண்ணு, பேங்க் சாவி ஒண்ணு, ரெண்டும் போட்டாத்தான் திறக்கும். ஜார்ஜியா "வேண்டாம்"னு எழுதிட்டா ஒஹையோ ஜட்ஜ் எவ்வளவு விரும்பினாலும் அனுப்ப முடியாது, மறுபரிசீலனை கேக்கலாம். ஜார்ஜியா "சரி"ன்னு எழுதிட்டதால ஒஹையோ கண்டிப்பா அனுப்பியே ஆகணும்னும் இல்ல. ஒப்பந்தத்துல வாங்கிக்கிற மாநிலம் எழுதிக் குடுக்க வேண்டிய வாசகமே ரசிக்கிற மாதிரி இருக்கும்: இந்த ஏற்பாடு குழந்தையோட நலனுக்கு விரோதமா தெரியலங்கிறதுதான் அது. இதுதான் உலகத்துலயே சிறந்த வீடுன்னு யாரும் சர்டிஃபிகேட் குடுக்கல, கெடுதல் தெரியல, அவ்வளவுதான். ஹோம் ஸ்டடிக்கு பயப்படுறவங்க இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கிட்டா பாதி பயம் போயிடும்.

சரி, ஹோம் ஸ்டடில என்னதான் பாக்குறாங்க

கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டைப் பத்தி விசாரிக்கிறோமே, அதை நெனச்சுக்கோங்க. சோபா என்ன கலர்னு பாக்கவா போறோம்? பெரியவங்க எப்படிப் பேசுறாங்க, கடன் இருக்கா, மாமியார் மருமக ஒத்துமையா இருக்காங்களா, யாராவது குடிக்கிறாங்களா, இதானே. ஹோம் ஸ்டடிங்கிற பேர்ல ஹோம்னு இருக்குறதால எல்லாரும் கட்டிடத்தையே நெனச்சுடுறாங்க. கட்டிடமும் உண்டு, ஆனா அது சின்னப் பகுதி: புகை அலாரம் வேலை செய்யுதா, மருந்து மாத்திரை குழந்தை கைக்கு எட்டாம பூட்டி இருக்கா, துப்பாக்கி இருந்தா பூட்டி வச்சிருக்கா, நீச்சல் குளம் இருந்தா வேலி இருக்கா, பையன் தூங்க ஒரு இடம் இருக்கா. மாநிலத்துக்கு மாநிலம் இந்த லிஸ்ட் கொஞ்சம் மாறும். சொந்த வீடா இருக்கணும்னு இல்ல, வாடகை அபார்ட்மென்ட் போதும், பணக்காரரா இருக்கணும்னும் இல்ல, உங்க குடும்பச் செலவுக்கு உங்க வருமானம் கட்டுதான்னு பாப்பாங்க. ஃப்ரிட்ஜைத் திறக்கலாம், திறக்காமலும் போகலாம்.

பெரும்பகுதி பேச்சுதான். பக்கத்து வீட்டம்மா சொன்னதுல எனக்கு ஆச்சரியமா இருந்தது, நீங்க சின்ன வயசுல தப்பு பண்ணா உங்க வீட்ல எப்படி தண்டிப்பாங்கன்னு கேட்டிருக்காங்க. அவங்களுக்கு தூக்கிவாரிப்போட்டிருக்கு, அவங்க வீட்ல அவங்களை பெல்ட்ல அடிச்சிருக்காங்க, அதைச் சொன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களோன்னு. விஷயம் என்னன்னா அடி வாங்கினது பிரச்சனையே இல்ல, அதைப் பத்தி இப்போ என்ன நெனக்கிறீங்க, ஏற்கனவே பயந்து போன ஒரு பையன் தட்டைத் தூக்கி எறிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்கங்கிறதுதான் கேள்வி. புருஷன் பொண்டாட்டியை சேத்து வச்சும் தனித்தனியாவும் பேசினாங்களாம். உடம்பு நிலை, வேலை நேரம், பையனைப் பெத்தவங்களோட உங்களுக்கு என்ன உறவு, அவங்க ராத்திரி 11 மணிக்கு வந்து கதவைத் தட்டினா திறப்பீங்களா. இந்தக் கடைசிக் கேள்வி சொந்தக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். சொந்த அக்காவுக்கு கதவைத் திறக்காம இருக்குறது சொல்றதுக்கு சுலபம், செய்றது கஷ்டம், அதனால கேக்குறாங்க.

என்கிட்ட கேட்ட ரெஃபரன்ஸ் லெட்டர்லயும் இதே கதைதான். "ரொம்ப நல்லவங்க"ன்னு நாலு பக்கம் எழுதி பிரயோஜனமில்ல, அவங்க குழந்தைங்களோட பழகுறதை நேர்ல பாத்த சம்பவம் ரெண்டு எழுதுங்கன்னாங்க. எங்க வீட்டு வாண்டு அவங்க ஜன்னலை பந்தடிச்சு உடைச்சதை எழுதினேன், அவங்க அதை எப்படி எடுத்துக்கிட்டாங்கங்கிறதையும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீத்துடலாம். ஹோம் ஸ்டடில பாஸ் ஆகுறதும் ஃபாஸ்டர் லைசென்ஸ் வாங்குறதும் வேற வேற. லைசென்ஸ்னா மாநிலம் உங்களை முறையான ஃபாஸ்டர் வீடுன்னு பதிவு பண்றது, அதுக்கு பல மணி நேர ட்ரெய்னிங் உண்டு, மாசாமாசம் வர்ற ஃபாஸ்டர் பணம் பெரும்பாலும் அதோட ஒட்டினது. லைசென்ஸ் இல்லாமலே பாட்டி வீடு ஓகே ஆகலாம், ஆனா அந்தப் பணம் வராம போகலாம், இது தெரியாம பல பாட்டிங்க பென்ஷன் காசுல சமாளிக்கிறாங்க. 2023 செப்டம்பர்ல வந்த ஃபெடரல் விதி, சொந்தக்காரங்களுக்குன்னு தனியா எளிமையான லைசென்ஸ் முறை வச்சுக்க மாநிலங்களுக்கு வழி விட்டுச்சு. கேஸ் ஒர்க்கர்கிட்ட முதல் நாளே கேக்க வேண்டிய கேள்வி இது.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க ஹோம் ஸ்டடின்னாலே இந்தியால இருந்து தத்தெடுக்குறதை நெனச்சுக்கிறாங்க. அது வேற லைன். அதுல ஹேக் உடன்படிக்கை (நாடு விட்டு நாடு தத்தெடுக்குறதுக்கான ஒப்பந்தம்), யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை), இந்தியால தத்து விஷயத்தைப் பாக்குற காராங்கிற அமைப்புன்னு வேற ஆளுங்க. ரெண்டுலயும் ஹோம் ஸ்டடிங்கிற பேரு ஒண்ணா இருக்குறதுதான் பிரச்சனை.

பேக்ரவுண்ட் செக்: ஒரு பட்டன் இல்ல, குறைஞ்சது மூணு கதவு

ஐடி நண்பர் வேலைக்குச் சேரும்போது பாத்தது பேரு, பிறந்த தேதி வச்சுத் தேடுற செக். அதுல ஒரே பேரு உள்ளவங்க குழம்பலாம், பேரு மாத்தினவங்க தப்பிக்கலாம். குழந்தை விஷயத்துல அது பத்தாது.

முதல் கதவு கைரேகை. 2006ல வந்த ஆடம் வால்ஷ் சட்டப்படி (1981ல ஃப்ளோரிடால ஒரு ஷாப்பிங் மால்ல கடத்திக் கொல்லப்பட்ட ஆறு வயசுப் பையன் பேர்ல வந்த சட்டம்) ஃபாஸ்டர் பெற்றோரா தத்துப் பெற்றோரா வர்றவங்க கைரேகையை எடுத்து தேசிய குற்றப் பதிவுகளோட ஒப்பிட்டுப் பாக்கணும். பல மாநிலங்கள்ல வீட்ல இருக்குற 18 தாண்டின எல்லாருக்கும் கைரேகை கேப்பாங்க.

ரெண்டாவது கதவைத்தான் யாருமே புரிஞ்சுக்கிறதில்ல. அது சைல்ட் அப்யூஸ் ரெஜிஸ்ட்ரி, அதாவது குழந்தையைக் கொடுமைப்படுத்தினதாவோ கவனிக்காம விட்டதாவோ குழந்தைப் பாதுகாப்புத் துறை விசாரிச்சு முடிவு பண்ணவங்க பேரு இருக்குற பதிவேடு. இது போலீஸ் ரெக்கார்டு கிடையாது. கைதே ஆகாத, கோர்ட் படியே ஏறாத ஒருத்தர் பேரும் இதுல இருக்கலாம், ஏன்னா குற்ற வழக்குல கேக்குற அளவுக்கு ஆதாரம் இங்க தேவையில்ல. மாப்பிள்ளை மேல ஸ்டேஷன்ல கேஸ் இல்லன்னு தெரிஞ்சதும் விசாரணை முடிஞ்சுதுன்னா விட்டுடுறோம்? முன்னாடி குடியிருந்த தெருவுல மளிகைக் கடை அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேக்குறோமா இல்லையா? ரெஜிஸ்ட்ரி கிட்டத்தட்ட அந்த அண்ணாச்சி.

பிரச்சனை என்னன்னா அண்ணாச்சி தெருவுக்கு ஒருத்தர். ரெஜிஸ்ட்ரி மாநிலத்துக்கு ஒண்ணு. நாடு முழுக்க ஒரே ரெஜிஸ்ட்ரி உருவாக்கணும்னு அதே 2006 சட்டத்துல எழுதினாங்க, அது இன்னும் நடைமுறைக்கு வரல. அதனால வளர்க்கப் போறவங்களும் வீட்ல இருக்குற மத்த பெரியவங்களும் கடந்த 5 வருஷத்துல எந்தெந்த மாநிலத்துல இருந்தாங்களோ அத்தனை மாநிலத்துக்கும் தனித்தனியா எழுதிக் கேக்கணும். ப்ராஜெக்ட் ப்ராஜெக்டா டெக்சாஸ், நார்த் கரோலினா, மிச்சிகன்னு சுத்தின நம்ம ஆளுங்களை நெனச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபாரம், சில மாநிலம் நோட்டரி கேக்கும், எது எப்போ பதில் போடும்னு தெரியாது. மூணுல ரெண்டு வந்து ஒண்ணு வரலன்னா ஃபைல் அங்கேயே உக்காந்துக்கும்.

மூணாவது, பாலியல் குற்றவாளிகள் பட்டியலும் உள்ளூர் போலீஸ் பதிவும். இது சீக்கிரம் முடிஞ்சிடும்.

ஏதாவது பழைய கேஸ் இருந்தா அவ்வளவுதானான்னு கேட்டா, எல்லாத்துக்கும் இல்ல. 1997 ஃபெடரல் சட்டம் கோடு போட்டு வச்சிருக்கு. குழந்தையைக் கொடுமைப்படுத்தினது, கட்டினவங்களை அடிச்சது, குழந்தைங்களுக்கு எதிரான குற்றம், பாலியல் வன்முறை, கொலை மாதிரி பெரிய குற்றத்துல தண்டனை ஆகியிருந்தா எத்தனை வருஷம் ஆனாலும் ஃபாஸ்டர், தத்து ஒப்புதல் கிடையாது. அடிதடி, போதைப்பொருள் வகைல பெரிய குற்றத் தண்டனைன்னா கடந்த 5 வருஷத்துக்குள்ள இருந்தா கிடையாது. மத்தபடி காலேஜ் காலத்துல ஏதோ சின்ன கேஸுன்னா, கேட்டு எழுதிக்குவாங்க, மாநிலம் தன் விதிப்படி முடிவு பண்ணும். மறைக்கிறதுதான் பெரிய தப்பு. சொல்லாத விஷயம் கைரேகைல வந்து நின்னா, அந்த கேஸை விட "ஏன் சொல்லல"ங்கிறது பெருசாகிடும். அதே மாதிரி ஊர்ல இருந்து வந்து ஆறு மாசம் தங்கியிருக்குற மாமனார் மாமியாரையும் சொல்லிடுங்க, "அவங்க விசிட்டர்தானே"ன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

இதுவரைக்கும் சுருக்கமா: ஹோம் ஸ்டடி இப்போ இந்த வீடு எப்படி இருக்குன்னு சொல்லுது, பேக்ரவுண்ட் செக் இந்த ஆளுங்க இதுக்கு முன்னாடி எங்க எப்படி இருந்தாங்கன்னு சொல்லுது. ஹோம் ஸ்டடி ரிப்போர்ட்டுக்குள்ளயே செக்கோட ரிசல்ட்டும் வந்து உக்காரும், அதான் எல்லாரும் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனக்கிறாங்க.

ஏன் இவ்வளவு நாளு

இதே 2006ல இன்னொரு சட்டமும் வந்துச்சு, மாநிலம் தாண்டிப் போற ஃபாஸ்டர் குழந்தைங்களுக்காகவே. வேண்டுகோள் வந்த 60 நாளுக்குள்ள ஹோம் ஸ்டடி முடிச்சு ரிப்போர்ட் அனுப்பணும், 30 நாள்ல முடிச்சா ஒரு ரிப்போர்ட்டுக்கு 1500 டாலர் ஊக்கத்தொகைன்னு எல்லாம் எழுதினாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 60 நாளுங்கிறது ரிப்போர்ட்டுக்கு, "ஆம் இல்ல"ங்கிற முடிவுக்கு இல்ல. ட்ரெய்னிங் முடியல, ஏதோ ஒரு ரெஜிஸ்ட்ரி பதில் வரலன்னா ரிப்போர்ட் மட்டும் வந்து முடிவு தொங்கிட்டே இருக்கும், ஒப்பந்த விதிகள் முடிவுக்கு 180 நாள் வரைக்கும் இடம் குடுக்குது. அஞ்சு வயசுப் பையனுக்கு 180 நாளுன்னா ஒரு பள்ளிக்கூட வருஷத்துல பெரும்பகுதி. இந்த இடத்துல எனக்கு கோவம்தான் வருது. விசாரிக்க வேணாம்னு சொல்ல வரல, ஆனா தபால்காரர் வேலைக்கு குழந்தை விலை குடுக்குது.

சீக்கிரப் பாதை ஒண்ணு இருக்கு, ஒழுங்குமுறை 7னு பேரு. பெத்தவங்க, மாற்றாந்தாய், மாற்றுத் தகப்பன், தாத்தா பாட்டி, வயசுக்கு வந்த அண்ணன் அக்கா, மாமா அத்தை சித்தி பெரியப்பா, கார்டியன், இவங்ககிட்ட போறதா இருந்து, அதோட குழந்தைக்கு நாலு வயசோ அதுக்குக் கீழயோ, இல்ல பெத்தவங்க திடீர்னு இறந்து போயோ ஜெயிலுக்குப் போயோ இருந்தாலோ, இல்ல குழந்தை இப்போ அவசரத்துக்கு எங்கேயோ தங்கியிருந்தாலோ, இல்ல இந்தச் சொந்தக்காரங்களோட ஏற்கனவே நல்ல ஒட்டுதல் இருக்குன்னு கோர்ட் பாத்தாலோ, ஜட்ஜ் ஆர்டர் போட்டா வாங்கிக்கிற மாநிலம் 20 வேலை நாள்ல முடிவு சொல்லணும். இது தானா நடக்காது, யாராவது கேக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

கட்டு கட்டா தபால்ல போன காலத்துக்கு பதிலா இப்போ நீஸ்னு ஒரு எலெக்ட்ரானிக் சிஸ்டம் இருக்கு, சில மாநிலங்கள்ல பைலட்டா ஆரம்பிச்சு பரவிச்சு. 2018 ஃபெடரல் சட்டம் 2027 அக்டோபர் 1க்குள்ள மாநிலங்கள் எலெக்ட்ரானிக் முறைக்கு வந்தாகணும்னு கெடு வச்சிருக்கு. ஃபைல் வேகமா போகும், சரி. வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய ஊழியர் கைல ஏற்கனவே எத்தனை கேஸ் இருக்குங்கிறதை சாஃப்ட்வேர் மாத்தாது. பழைய ஒப்பந்தத்தையே மாத்தி புதுசா ஒண்ணும் எழுதி வச்சிருக்காங்க, 35 மாநிலம் ஏத்துக்கிட்டாத்தான் அமலுக்கு வரும், இன்னும் அந்த எண்ணிக்கை வரல.

ஓகே சொன்னதுக்கு அப்புறம்

ஒப்புதலுக்கு ஆயுசு ஆறு மாசம். அதுக்குள்ள குழந்தை வரலன்னா காலாவதி, மறுபடி முதல்ல இருந்து. பையன் வந்துட்டான்னா ஜார்ஜியா ஊழியர் மாசம் ஒரு தடவையாவது நேர்ல வந்து பாப்பாங்க, ஒஹையோவுக்கு ரிப்போர்ட் போகும். ஆனா பையனோட சட்டப் பொறுப்பும் செலவுப் பொறுப்பும் ஒஹையோகிட்டயே இருக்கும், இது ரொம்ப பேருக்கு அதிர்ச்சியா இருக்கு. ஜார்ஜியால பல்லு வலிச்சா கேள்வி ஒஹையோ வரைக்கும் போகும். ஃபெடரல் ஃபாஸ்டர் உதவிக்குத் தகுதியான குழந்தைன்னா இருக்குற மாநிலத்துலயே மெடிக்கெய்ட், அதாவது அரசாங்க மருத்துவக் காப்பீடு, கிடைக்கும், மத்தவங்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், குழந்தை வர்றதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க. ஏற்பாடு முறிஞ்சு போச்சுன்னா பையனைத் திரும்பக் கூட்டிக்க வேண்டியதும் ஒஹையோதான்.

இது எப்போ முடியும்னா, தத்து முடிஞ்சா, பையன் மேஜர் ஆனா, சொந்தக் கால்ல நின்னா, இல்லன்னா ரெண்டு மாநிலமும் ஒத்துக்கிட்டு கேஸை மூடினா. முடிஞ்சுதுன்னு தெரிவிக்க 100பி-ன்னு ஒரு ஃபாரம் போகும். பக்கத்து வீட்டுக்கு அது போன மாசம் வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த முதல் வாரத்துல அந்தப் பையன், மாசாமாசம் ஸ்டிக்கர் புக்கோட வருவாங்களே அந்த பேட்ஜ் போட்ட மிஸ், அவங்க ஏன் இன்னும் வரலன்னு கேட்டுட்டு வாசல்லயே உக்காந்திருந்தானாம்.